இருபத்திரண்டா, இருபத்துநான்கா? கரிசல் வட்டாரத்து இரு நூல்களும் சுருதிக் கணக்கும்

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கழுகுமலைக்கு அண்டையில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது குருவிகுளம். இசை வரலாற்று நூல்கள் இந்த ஊரைப் பேசுவதில்லை. ஆனால் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். கிழக்கே எட்டயபுரம், மேற்கே சாம்பவர் வடகரை. இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் குருவிகுளம். எட்டயபுரத்தில் 1904 இல் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி’ அச்சேறியது. சாம்பவர் வடகரையில் 1859 இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் தஞ்சாவூரில் ‘கருணாமிர்த சாகரம்’ நூலை வெளியிட்டார். ஒன்று தெலுங்கு, மற்றது தமிழ். இரண்டுமே ஆயிரம் பக்கங்களைத் தாண்டியவை. பழைய திருநெல்வேலிச் சீமையின் இரு மூலைகளோடு தொடர்புடைய இவ்விரு நூல்களும் பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் வந்தன என்பது வெறும் தற்செயலாக இருக்கலாம். அவை இரண்டும் ஒரே கேள்வியின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டிருந்தன என்பதே இக்கட்டுரைக்கு முக்கியம்.

கேள்வி இதுதான்: ஒரு ஸ்தாயிக்குள், அதாவது ஆதார சட்ஜத்துக்கும் மேல் சட்ஜத்துக்கும் இடையே, எத்தனை சுருதிகள்? மரபு 22 என்றது. பண்டிதர் 24 என்றார். அரை நூற்றாண்டு நடந்த இந்த வழக்கில் இரு தரப்பும் எண்ணையே பார்த்தன. எண்ணுக்குள் அடங்காததை அதற்கு முன்பே தாளில் பதிந்து வைத்திருந்தவர் தீட்சிதர். பின்னாளில் ஒலியியல் கருவிகள் காட்டிய சித்திரத்துக்கு அவருடைய குறிகளே அதிகம் நெருங்கி வருகின்றன என்பது என் வாதம்.

காதால் அளந்த காலம்

22 என்ற எண்ணின் வேர் பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் இருக்கிறது. அங்கே சட்ஜ கிராமத்தின் ஏழு சுரங்களுக்கும் ச 4, ரி 3, க 2, ம 4, ப 4, த 3, நி 2 என்று சுருதிகள் பங்கிடப்பட்டுள்ளன. அதற்குச் சான்றாக ஒரு சோதனையும் சொல்லப்படுகிறது. ஒரே மாதிரி சுருதி கூட்டிய இரண்டு வீணைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைத் தொடக்கூடாது. மற்றதில் பஞ்சமத்தை ஒரு சுருதி இறக்கி, அதற்கு ஒத்துவரும்படி எல்லாத் தந்திகளையும் இறக்க வேண்டும். இப்படி நான்கு முறை இறக்கும்போது, இரண்டாம் இறக்கத்தில் காந்தாரமும் நிஷாதமும் அசையாத வீணையின் ரிஷபத்திலும் தைவதத்திலும் போய் விழும். மூன்றாவதில் ரிஷபமும் தைவதமும் சட்ஜத்திலும் பஞ்சமத்திலும் விழும். நான்காவதில் பஞ்சமம், மத்திமம், சட்ஜம் மூன்றும் தத்தம் கீழ்ச் சுரத்தில் சேரும். இரண்டு சுரத்துக்கு இரண்டிரண்டு, இரண்டு சுரத்துக்கு மும்மூன்று, மூன்று சுரத்துக்கு நந்நான்கு, கூட்டினால் 22.

இந்தச் சோதனையில் அளவுகோல் கிடையாது. முதல் இறக்கத்தில் ‘ஒரு சுருதி’ எவ்வளவு என்று சொல்லும் நீதிபதி காதுதான். தந்தியின் நீளத்தையோ விகிதத்தையோ பரதர் தரவில்லை. 13 ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் ‘சங்கீத ரத்னாகரம்’ எழுதிய சார்ங்கதேவரும் 22 தந்திகளை ஒன்றன்மேல் ஒன்றாக உயர்த்திக் கட்டச் சொன்னாரே தவிர, எண் விகிதம் தரவில்லை.

தமிழ் மரபும் இதே எண்ணைத்தான் தருகிறது. சிலப்பதிகார உரைகள் வழியே நமக்குக் கிடைக்கும் கணக்கில் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. அலகு என்ற சொல்லால் இவை குறிக்கப்படுகின்றன, கூட்டுத்தொகை 22. பரதரின் வரிசையைச் சட்ஜத்தில் தொடங்காமல் மத்திமத்தில் தொடங்கி எண்ணிப் பாருங்கள்: 4, 4, 3, 2, 4, 3, 2. அப்படியே பொருந்துகிறது. குரல் என்பது இன்றைய சட்ஜமா, மத்திமமா என்று தமிழிசை ஆய்வாளர்கள் மல்லுக்கட்டியதற்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணம். அந்த வழக்குக்குள் இங்கே போகவில்லை. போனால் மீள்வது கடினம்.

எட்டயபுரத்துக் குறிகள்

எட்டயபுரம் சமஸ்தானத்தில் தீட்சிதர் குடும்பம் காலூன்றியது பாலுசாமி தீட்சிதரால். ஐரோப்பியரின் வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவராகச் சொல்லப்படுபவர் இவர். இவருடைய அண்ணன் முத்துசாமி தீட்சிதர் 1835 இல், தீபாவளி நாளில், எட்டயபுரத்தில் காலமானார். குருவிகுளத்துக்குப் பக்கத்திலேயே உள்ள கழுகுமலை முருகன்மீது அவர் பாடியதாக வழங்கும் சுத்த தன்யாசிக் கிருதி இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கிறது. அதே முருகனுக்குத்தான், பிந்தைய தலைமுறையில், சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளத்தைச் சேர்ந்த அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார். ஒரே குன்றுக்கு வடமொழிக் கிருதியும் வந்தது, காவடி தூக்கிக்கொண்டு ஆடும் சிந்தும் வந்தது. கரிசல் மண்ணின் காது எப்படிப் பழகியிருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்.

பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர் (1839–1906) குடும்பச் சொத்தாக இருந்த பாடாந்தரத்தை எழுதி வைக்க முதலில் விரும்பினாரா என்பதைவிட, யார் அவரை எழுத வைத்தார் என்பது சுவையானது. சென்னையில் அரசுப் பணியில் இருந்த ஏ.எம். சின்னசாமி முதலியார், கிறித்தவர், 1893 இல் கீழ்த்திசை இசையை ஐரோப்பியக் கோட்டுக் குறிமானத்தில் அச்சிட்டு வெளியிடத் தொடங்கியவர். ஐந்து கோடுகளில் தியாகராஜர் கிருதியை எழுதும் எவருக்கும் ஒரு சங்கடம் விரைவில் புரிந்துவிடும்: எழுதியதை அப்படியே வாசித்தால் ராகம் வராது. சுரங்கள் சரியாக இருக்கும், உயிர் இருக்காது. சின்னசாமி முதலியாரின் தூண்டுதலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவும் சேர்ந்துதான் பிரதர்சினியைப் பிறப்பித்தன. வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில் அது அச்சாயிற்று. எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, தீட்சிதர் மறைந்தபோது இரங்கற்பா எழுதினார் என்பதிலிருந்து அந்த ஊரில் அவருக்கிருந்த மதிப்பு தெரியும்.

பிரதர்சினியின் புதுமை சுரங்களின் தலையில் ஏறிய கமகக் குறிகளில், அதாவது சுரத்தை அசைக்கவும் இழுக்கவும் சொல்லும் குறிகளில் இருக்கிறது. கம்பிதம், ஸ்புரிதம், பிரத்யாகதம், நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒடுக்கல், ஓரிகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. பெயர்களைப் பார்த்தாலே தெரியும், பாதி வடமொழி ஏட்டிலிருந்து வந்தவை, பாதி வீணை மனையிலிருந்து வந்தவை. ஒடுக்கலை எடுத்துக்கொள்வோம். வீணையில் விரல் ரிஷப மெட்டில் இருக்கிறது. மெட்டை மாற்றாமல், தந்தியை மெட்டின்மேலேயே பக்கவாட்டில் இழுக்கிறார்கள். இழுவிசை கூடக் கூட ஒலி மேலேறி காந்தாரத்தைத் தொடுகிறது. கேட்பவர் காதில் காந்தாரம். பார்ப்பவர் கண்ணில் விரல் ரிஷபத்தில். இந்தக் காந்தாரத்துக்கு மெட்டு சொல்லும் விலாசம் எதுவும் இல்லை. தந்தியின் நீளத்தை அளந்து சுருதி கணக்கிடுகிறவர் இங்கே தோற்றுப்போவார், ஏனென்றால் நீளம் மாறவே இல்லை, மாறியது இழுவிசை.

வீணையின் 24 மெட்டுகளுக்கும் பண்டிதரின் 24 சுருதிக்கும் தொடர்பில்லை என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். மெட்டுகள் இரண்டு ஸ்தாயிக்கு, ஸ்தாயிக்குப் பன்னிரண்டாகப் பதிக்கப்படுபவை. அதுவும் மெழுகில், காதால் சரிபார்த்து.

தஞ்சையில் ஒரு வைத்தியர்

ஆபிரகாம் பண்டிதர் திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, வயலின் கற்று, சுருளிமலையில் கருணானந்தரிடம் சித்த மருத்துவம் பெற்று, தஞ்சையில் மருந்து வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். அந்தப் பணம் இசை வரலாற்றுக்கு உதவியது. 1912 இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களையும் ஜமீன்தார்களையும் ஆங்கிலம் படித்தவர்களையும் ஒரே பந்தலில் உட்காரவைத்து, சுருதி எத்தனை என்று விவாதிக்க வைத்தார். இசையைப் பற்றிச் சபை கூட்டி ஆய்வுரை வாசிக்கும் பழக்கம் தமிழ்நாட்டில் வேர்விட்டது இங்கேதான்; சென்னை மியூசிக் அகாடமி பிறக்க இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

அவருடைய வாதத்தின் சாரம் எளிது. இளிக்கிரமம், அதாவது ச–ப முறையில் பஞ்சமத்துக்குப் பஞ்சமமாக ஏறிக்கொண்டே போனால், பன்னிரண்டாம் படியில் தொடங்கிய சுரத்துக்கே திரும்பி வரவேண்டும். வட்டப்பாலை என்று முன்னோர் பன்னிரு இராசிகளை வட்டமாக வரைந்தது இதனால்தான். வட்டம் மூட வேண்டுமானால் பன்னிரண்டு இடைவெளிகளும் சமமாக இருக்க வேண்டும். ஒவ்வோர் இராசிக்கும் இரண்டு அலகு, ஆக 24. உரைகள் சொல்லும் 22 என்பது ஒரு குறிப்பிட்ட பாலையைப் பாடும்போது இரண்டு அலகு குறைத்துக்கொண்ட கணக்கு; ஸ்தாயியின் மொத்தக் கணக்கு அன்று. இதுவே அவர் முடிவு.

வட்டம் தானாக மூடுமா? மூடாது. பஞ்சமத்தின் இயற்கை விகிதம் 3/2. 90 செ.மீ. தந்தியை 60 செ.மீ. இல் அழுத்தினால் பஞ்சமம் கேட்கும்; 45 இல் மேல் சட்ஜம். இந்த 3/2 ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 வருகிறது. ஏழு ஸ்தாயி ஏறினால் 128. பன்னிரண்டு பஞ்சமங்கள் ஏழு ஸ்தாயியைக் கொஞ்சம் தாண்டிவிடுகின்றன. ஸ்தாயியை 1200 பங்காக்கிய சென்ட் அளவையில் இந்த மீதி ஏறக்குறைய 23.5. கிரேக்கர் காலத்திலேயே தெரிந்திருந்த மீதி இது. சீனத்தில் சூ சாய்யூ 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைப் பன்னிரண்டாகப் பங்கிட்டுக் கரைத்துவிடும் கணக்கைத் தந்தார். ஐரோப்பாவில் சைமன் ஸ்டெவினும் ஏறக்குறைய அதே காலத்தில் தந்தார். பண்டிதர் அந்தச் சமப் பகுப்பையே பண்டைத் தமிழர் முறை என்று நிறுவ முயன்றார். வட்டப்பாலைக் கட்டங்களில் பன்னிரண்டு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கட்டங்கள் சமம் என்று உரை சொல்லவில்லை. அதைச் சேர்த்தவர் பண்டிதர். துணிச்சலான ஊகம். அதை ஊகம் என்று அவர் ஒருபோதும் எழுதவில்லை என்பதுதான் அந்த நூலின் பலமும் பலவீனமும்.

பரோடா, 1916

1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் ஆதரவு, இசை அறிஞர் பாத்கண்டேயின் முன்முயற்சி. பண்டிதர் தம் மகள்களோடு சென்றார். அவர் சொன்ன சுருதிகளை மகள் மரகதவல்லி வீணையில் வாசித்துக் காட்டினார். எதிர்முனையில் மேற்கிந்தியாவைச் சேர்ந்த தேவலும் ஆங்கிலேய அதிகாரி கிளெமென்ட்ஸும். இவர்கள் 22 சுருதிக்கு 9/8, 10/9, 16/15 போன்ற எளிய விகிதங்களைப் பொருத்தி, அதற்கென்றே ஓர் ஆர்மோனியமும் செய்து கொண்டுவந்திருந்தார்கள். சபையில் ஒருமித்த முடிவு வரவில்லை.

இரு தரப்புக்கும் ஒரே ஆயுதம், கணக்கு. இரு தரப்புமே நிலையான புள்ளிகளைத் தேடின. ஒருவர் ஏணிக்கு 22 படி என்றார், மற்றவர் 24 என்றார். பாடகர் ஏணியில் ஏறுகிறாரா என்று யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஆர்மோனியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடையில் ஆர்மோனியம் இல்லாத கொட்டகை இல்லை. இன்றும் நம் வித்துவான்கள் ‘ஒரு கட்டை’, ‘ஐந்தரைக் கட்டை’ என்று சுருதி சொல்வது ஆர்மோனியக் கட்டைகளை வைத்துத்தான். 1940 முதல் பல ஆண்டுகள் அகில இந்திய வானொலி அதே ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்தது. காரணம் சமப் பகுப்புச் சுரமும், அது கமகம் பேசாது என்பதும். பேச்சில் ஏறிவிட்ட கட்டையை மட்டும் வானொலியால் இறக்க முடியவில்லை.

தம்புராவின் சாட்சி

சமப் பகுப்பு காதுக்கு என்ன செய்கிறது என்பதை எண்களில் பார்த்துவிடலாம். சட்ஜம் வினாடிக்கு 240 அதிர்வு என்று வைப்போம். இயற்கைப் பஞ்சமம் 360. பண்டிதரின் கணக்கில் அது 359.6. சட்ஜத்தின் மூன்றாம் சீரிசை, அதாவது அதனோடு சேர்ந்து ஒலிக்கும் மும்மடங்கு அதிர்வு, 720. பஞ்சமத்தின் இரண்டாம் சீரிசை 719.2. இரண்டும் மோதும்போது ஒலி கூடிக் குறையும் விம்மல் வினாடிக்கு ஒன்றுக்கும் குறைவு. பழகிய காது கூட விட்டுவிடும். அந்தர காந்தாரத்தில் கதை வேறு. 5/4 விகிதத்தில் அது 300. சமப் பகுப்பில் 302.4. சட்ஜத்தின் ஐந்தாம் சீரிசை 1200, காந்தாரத்தின் நான்காம் சீரிசை 1209.5. வினாடிக்கு ஒன்பது, பத்து விம்மல். அது கரகரப்பு.

தம்புரா மீட்டும்போது யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று உள்ளிருந்து எழுவதை வித்துவான்கள் அறிவார்கள். அதை ‘சுயம்பு’ என்பார்கள். அது அந்த ஐந்தாம் சீரிசைதான். சி.வி. ராமன் 1921 இல் இந்தியத் தந்திக் கருவிகளைப் பற்றி எழுதியபோது இதன் காரணத்தைத் தொட்டார். தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் கணு உள்ள மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரால் வழங்கும் விதி. தம்புராவும் வீணையும் அந்த விதியை மீறுகின்றன. ஐரோப்பியக் கருவியின் குதிரை தந்தியைக் கூர்முனையில் தாங்குகிறது. தம்புராவின் குதிரை அகலமும் வளைவும் உடையது. அதில் தந்திக்கடியில் நுழைத்த நூல் தந்தியை நுனியில் உரச வைக்கிறது. அந்த உரசலில் எல்லா மேற்சுரங்களும் விழித்துக்கொள்கின்றன. ராமன் இதற்கு முந்தைய ஆண்டு மிருதங்கம், தபலா தோல்களில் இட்ட கருஞ்சாந்து எப்படிச் சீரிசைகளை வரவழைக்கிறது என்றும் எழுதியிருந்தார்.

ஆக, தம்புரா ஓர் எண்ணைச் சொல்கிறது, வினாடிக்கு 300 அதிர்வு. சங்கராபரணத்தில் காந்தாரத்தை அசையாமல் நிறுத்தும் பாடகர் தம்புராவைக் கேட்டு அங்கேதான் போய் நிற்பார். இந்த ஓர் இடத்தில் தேவல், கிளெமென்ட்ஸ் தரப்புக்கு வலு இருக்கிறது. யாழ் நூலில் (1947) 22 அலகுக் கணக்கை விகிதங்களாக விரித்த மட்டக்களப்பு விபுலாநந்த அடிகளுக்கும் இருக்கிறது. ஆனால் தோடிக்குப் போங்கள். அங்கே சாதாரண காந்தாரம் 300 சென்ட் புள்ளியில் நிலைத்து நிற்பதே இல்லை. ரிஷபத்துக்குப் பக்கத்திலிருந்து மத்திமம் வரை வினாடிக்குப் பலமுறை ஏறி இறங்கும். அந்த அலைவை நிறுத்திவிட்டு, ‘சரியான’ அதிர்வெண்ணில் காந்தாரத்தை ஒலித்தால் தோடி போய்விடும். எந்தச் சுருதி விகிதமும் இங்கே தோடியைக் காப்பாற்றாது.

நாதஸ்வரத்தில் இது இன்னும் வெளிப்படை. விரல் வைக்கும் துளைகள் ஏழு. அதற்குக் கீழே உள்ளவற்றில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதி சரிசெய்வார்கள். ஏழு துளையில் பன்னிரண்டு சுரத்தானமும் வரவேண்டும். துளையைப் பாதி மூடியும், சீவாளியில் உதட்டின் பிடியையும் மூச்சின் அழுத்தத்தையும் மாற்றியும்தான் மற்றவை பிறக்கின்றன. கோவில்பட்டியில் வாழ்ந்து 1964 இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் ஒலிப்பதிவுகளைக் கேட்பவருக்கு, அந்தக் குழலில் துளை ஒரு தொடக்கம் மட்டுமே என்பது விளங்கும்.

1963 இல் ஜைராஸ்பாய், ஸ்டோன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்துஸ்தானி ஒலிப்பதிவுகளைக் கருவியால் அளந்தார்கள். ஒரே கலைஞர், ஒரே ராகம், ஒரே காந்தாரம். அளவு இடத்துக்கு இடம் மாறியது. 2000க்குப் பிறகு கணினியில் கர்நாடக இசையை அளந்த அரவிந்த் கிருஷ்ணசாமி, நிலையான சுரங்கள் பன்னிரண்டு இடங்களைச் சுற்றித்தான் குவிகின்றன, 22 குவியல்கள் தென்படவில்லை என்றார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 22ம் தேறவில்லை, 24ம் தேறவில்லை.

பண்டிதர் இதை உணராதவர் அல்லர். ஒரு ஸ்தாயியை ஆயப்பாலைக்கு 12 பங்கு, வட்டப்பாலைக்கு 24 பங்கு என்று பகுக்கத் தொடங்கியவர், திரிகோணப்பாலைக்கு 48, சதுரப்பாலைக்கு 96 என்று பெருக்கிக்கொண்டே போனார். கையில் பிடித்த ராகம் 24 இல் அடங்கவில்லை என்பதற்கு அவர் கணக்கே ஒப்புதல் வாக்குமூலம். 96 இல் ஒரு படி 12.5 சென்ட். அவர் 1919 இல் மறைந்த பின், 1946 இல் மரகதவல்லியின் முயற்சியால் வெளிவந்த இரண்டாம் பாகம் இந்த நுண்ணளவுகளை ராகங்களோடு பொருத்திப் பார்க்கும் முயற்சி.

பிரதர்சினியில் இதே வேலையை ஒரு நெளிகோடு செய்கிறது. காந்தாரத்தின் தலையில் கம்பிதக் குறி, அவ்வளவுதான். இன்று கணினித் திரையில் தோடி காந்தாரத்தின் சுருதி வரைபடத்தைப் பார்த்தால் அதே நெளிகோடுதான் தெரிகிறது. ஆனால் தீட்சிதரின் குறி எங்கே அசைக்க வேண்டும் என்று சொல்லுமே தவிர, எதுவரை, எத்தனை வேகத்தில் என்று சொல்லாது. அதைக் குருவிடம் விட்டுவிட்டார். திரையில் உள்ள வரைபடம் அதையும் சொல்கிறது, காரணம் அதன் நிமிர்ந்த அச்சில் சென்ட் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பண்டிதர் 96 வரை வெட்டிக்கொண்டே போன அதே ஏணியின் இன்னும் நுணுக்கமான படிகள் அவை.